தான்சேனில் முதல் நாட்கள்

நேபாளத்துக்கு ஊழியத்திற்காக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது, இங்கே எதைச் செய்யக் கூடாது என்பதுதான். 2015-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைக் கைக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது. அதே பிரிவு, பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம், அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குற்றம் செய்தவர் வெளிநாட்டவரானால், தண்டனைக் காலம் முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவார். பால்பா மாவட்டத்தின் தலைநகரான தான்சேனில் உள்ள மிஷன் மருத்துவமனைக்குச் செவிலியராக நான் வந்து சேர்ந்தபோது, இவற்றை எனக்கு விளக்கியவர் ஒரு நேபாளிக் கிறிஸ்தவர். அவர் குரலில் அச்சமும் இல்லை, வருத்தமும் இல்லை. நோயாளி தானாகக் கேட்டால் ஜெபிக்கலாம், கேளாதவரிடம் போய் நிற்கக் கூடாது, சிகிச்சைக்காகப் படுத்திருப்பவரின் பலவீனத்தை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, சட்டம் இல்லாவிட்டாலும் இதுதான் சரி என்றார். நான் அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் என்னை அனுப்பிவைத்த சபையாருக்கு இதை எப்படி எழுதுவது என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது. அனுப்புதல் ஆராதனையில் பெரியவர்கள் என் தலைமேல் கை வைத்து ஜெபித்தபோது, ஆத்தும ஆதாயம், அதாவது பிறரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவது, என்ற சொல் பலமுறை வந்தது. இப்போதும் என் கைப்பேசிக்கு வரும் செய்திகளில் அந்த எதிர்பார்ப்பு இருக்கிறது: எத்தனை கிராமங்களுக்குப் போனாய், எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள், சாட்சி எழுதி அனுப்பு, ஐக்கியக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கேட்கிறவர்கள் என்மீது அன்புள்ளவர்கள். என் பயணச் செலவுக்காகத் தங்கள் பீடி சுற்றிய கூலியிலிருந்து காணிக்கை கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே அவர்களுக்கு உரிய பதிலை முழுமையாக எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. இந்தப் பதிவு அந்தப் பதிலின் தொடக்கம்.

இந்த நாட்டில் திருச்சபை எப்படி உண்டானது என்பதை அறியாமல் இங்கே வேலை செய்ய முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்புச்சின் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவியர் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் இருந்தார்கள். கூர்க்கா மன்னர் பிரிதிவி நாராயண ஷா அந்தப் பள்ளத்தாக்கைக் கைப்பற்றியபின், 1769-இல் அத்துறவியரும் அவர்களோடிருந்த, அப்பள்ளத்தாக்கின் பழங்குடிகளான நேவார் இனக் கிறிஸ்தவர்களும் வெளியேறிப் பீகாரில் உள்ள பேத்தியாவில் குடியேறினார்கள். அதன்பின் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்குக் கதவு மூடியே இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் எல்லைக்கு அப்பால், இந்தியாவில், நேபாளி மொழி பேசும் கிறிஸ்தவர்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள். டார்ஜிலிங்கில் வாழ்ந்த கங்கா பிரசாத் பிரதான் என்ற நேபாளிப் போதகரின் நீண்ட உழைப்பால் 1914-இல் முழு வேதாகமமும் நேபாளியில் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் தம் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு காத்மாண்டு போனார். நேபாளத்தில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். 1951-இல், பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணாக்களின் ஆட்சி முடிந்து கதவு திறந்தபோது, முதலில் உள்ளே வந்து குடியேறிச் சபைகளைத் தொடங்கியவர்களில் இப்படி எல்லையோரத்தில் காத்திருந்த நேபாளிகளே முக்கியமானவர்கள். மேல்நாட்டு மிஷனெரிகள் மருத்துவமனையும் பள்ளியும் நடத்த அனுமதி பெற்றார்கள். சபையை நடத்தியவர்கள் இந்நாட்டு மக்கள்.

தான்சேன் மருத்துவமனையின் தொடக்கமும் கேட்கத் தகுந்தது. முசூரியில் உள்ள உட்ஸ்டாக் பள்ளியில் ஆசிரியராக இருந்த பாப் பிளெமிங் பறவை ஆராய்ச்சியாளர். பறவைகளைச் சேகரிப்பதற்காகவே நேபாள அரசிடம் அனுமதி வாங்கியவர். 1951-52 குளிர்காலத்தில் அவருடைய குழு தான்சேன் பக்கம் வந்தபோது, உடன் வந்த மருத்துவர்களைத் தேடி நோயாளிகள் திரண்டார்கள். இங்கே ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற வேண்டுகோள் அப்படித்தான் பிறந்தது. 1953-இல் அரசின் அனுமதி கிடைத்தது. 1954 மார்ச்சில் நாக்பூரில் பல மிஷன் அமைப்புகள் கூடி நேபாள ஐக்கிய மிஷனைத் தொடங்கின. அதே ஆண்டு டாக்டர் கார்ல் பிரெடரிக்ஸ் தான்சேனில் பணியைத் தொடங்கினார். பல நாட்டுச் சபைகள் தனித்தனியே கொடி நாட்டாமல் ஒரே பெயரில் சேர்ந்து உழைத்ததும், நேபாளிகளைப் பயிற்றுவிப்பது தொடக்கம் முதலே நிபந்தனையாக இருந்ததும், பின்னால் வந்த எங்களுக்குப் பெரிய நன்மையாக அமைந்தன. இன்று மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் மிகப் பெரும்பாலோர் நேபாளிகள். வெளிநாட்டவரான நாங்கள் சிலரே. அதுவும் அவர்களுடைய மேற்பார்வையில்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோரக்பூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் சோனௌலி எல்லையை அடைந்து, கால்நடையாகவே நேபாளத்துக்குள் நுழைந்தேன். 1950-ஆம் ஆண்டு இந்திய-நேபாள உடன்படிக்கையின் பயனாக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தால் போதும். புட்வல் வரை சமவெளி. அதற்குப் பின் சித்தபாபா கோவிலை ஒட்டிய செங்குத்தான மலைச்சரிவில் சாலை ஏறுகிறது. மழைக்காலத்தில் அங்கே பாறைகள் உருண்டு விழுவது வழக்கமாதலால், பேருந்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தான்சேன் ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரத்தில், ஒரு மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்த பழைய நேவார் வணிக நகரம். டாக்கா துணியும் பித்தளைக் குடங்களும் இங்கே பெயர்பெற்றவை. குளிர்காலக் காலைகளில் கீழேயுள்ள பள்ளத்தாக்கை மூடுபனி முழுவதுமாக நிரப்பிவிடும். நகரத்துக்கு மேலுள்ள ஸ்ரீநகர் மலைக்கு ஏறினால் தௌலாகிரியும் அன்னபூர்ணாவும் தெரியும். தேரிக்காட்டுச் செம்மணலில் வளர்ந்த எனக்கு, முதல் வாரம் முழுவதும் படிகள் ஏறி இறங்குவதே ஒரு வேலையாக இருந்தது.

வந்த உடனே பணியில் இறங்கிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. நேபாளச் செவிலியர் மன்றத்தின் பதிவு கிடைக்கும்வரை நான் எந்த நோயாளிக்கும் ஊசி போட முடியாது, மருந்து கொடுக்க முடியாது. ஆகவே காலையில் மொழி வகுப்பு. பிற்பகலில் எலும்பு முறிவு வார்டில் அமர்ந்து பார்ப்பதும் கேட்பதும். வேலூர் சி.எம்.சி.யில் இருந்த காலத்தில் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் நோயாளிகளோடு பேசிப் பழகிய இந்தி எனக்குக் கொஞ்சம் உதவியது. ஆனாலும் குழந்தையைப் போல மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைதான். பத்தாண்டுக்கும் மேலாக வார்டுகளில் பொறுப்போடு நின்றவளுக்கு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எளிதல்ல. இருந்தும் இந்த ஏற்பாடு நல்லது என்றே சொல்வேன். வேலை தொடங்கிவிட்டால் கை வேலையில் இருக்கும். கண் மனிதர்களைப் பார்க்காது. இந்த நாட்களில் நான் மனிதர்களைப் பார்த்தேன்.

பார்த்தவற்றில் முதன்மையானது, மரத்திலிருந்து விழுந்தவர்களின் கூட்டம். மலைக்கிராமங்களில் ஆட்டுக்கும் எருமைக்கும் தழை வெட்டுவதற்காக உயர்ந்த மரங்களில் ஏறுவது அன்றாட வேலை. அதைச் செய்கிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். முன்பு ஆண்கள் ஏறிய மரங்களில் இப்போது பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் ஏறுகிறார்கள். ஏனென்றால் வீட்டு ஆண்கள் கத்தாரிலும் சவூதியிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டின் மகன் பாலைவனத்தில் கட்டடம் கட்டும்போது, அவன் தாய் இங்கே மரக்கிளையிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொள்கிறாள் என்பதை, ஒவ்வொரு கட்டிலாக நடந்து கேட்டபோதுதான் ஒரே கதையாக விளங்கிக்கொண்டேன். அடுத்த வார்டுகளில் வேறு காட்சிகள்: திறந்த அடுப்பில் தீப்பட்ட குழந்தைகள், வாழ்நாள் முழுவதும் விறகுப் புகையைச் சுவாசித்து மூச்சு வாங்கும் மூதாட்டிகள், பூச்சிமருந்து குடித்துக் கொண்டுவரப்பட்ட இளம்பெண்கள். இந்தக் கடைசி வகையினரைப் பற்றி இன்னும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நோயாளியோடு தங்கும் உறவினரை இங்கே குருவா என்கிறார்கள். உணவு கொண்டுவருவது, உடம்பு துடைப்பது, மருந்துக் கடைக்கு ஓடுவது, இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவமனையின் பாதி வேலை அவர்கள் தோளில்தான் நிற்கிறது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் இது உண்டு என்றாலும், இங்கே அவர்களில் பலர் ஒரு நாள் முழுதும் நடந்து, பிறகு பேருந்து பிடித்து வந்தவர்கள். மரத்திலிருந்து விழுந்த ஓர் அம்மாவுக்குக் குருவாவாக அவருடைய மருமகள் இருந்தாள். இருபது வயதைத் தாண்டியிராது. விழுந்த மாமியாரை அண்டை வீட்டார் துணையோடு, மூங்கில் கூடையில் வைத்து முறை மாற்றி முதுகில் சுமந்து சாலை வரை கொண்டுவந்தவள். மாமியாரை உருட்டித் திருப்பும்போது முதுகெலும்பு அசையாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வார்டுப் பொறுப்புச் செவிலியர் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அவள் அதை எத்தனை கவனத்தோடு செய்தாள் என்பதைப் பயிற்சி மாணவியருக்குக் காட்டலாம்.

அவளிடம்தான் நான் என் நேபாளியை அதிகம் பேசிப் பார்த்தேன். என்னைத் தீதீ, அதாவது அக்கா, என்று அழைத்தாள். எனக்குத் திருமணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு, எங்கள் ஊரில் நெல் விளையுமா என்றெல்லாம் கேட்டபின், ஒரு நாள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கள் அம்மா விழுந்தால் யார் தூக்குவார்கள், தீதீ?" என்று கேட்டாள். கத்தாரில் இருக்கும் தன் கணவனைப் பற்றி அவள் மனத்தில் இருந்த கேள்வியாக அது இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. தம்பி சென்னையில் இருக்கிறான். பக்கத்து வீட்டு அக்காதான் காலையும் மாலையும் எட்டிப் பார்க்கிறார். அதையே அவளிடம் சொன்னேன். அழைப்பு, அர்ப்பணிப்பு என்று மேடையில் நாம் பேசும்போது, அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைப் போன்றவர்களின் உழைப்பையும் ஊழியத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அடுத்த நாள் அவள் தன் தட்டிலிருந்த பருப்பும் சோறும் குந்த்ருக் குழம்பும் எனக்கும் பங்கிட்டுக் கொடுத்தாள். புளிக்கவைத்து உலர்த்திய கீரையின் மணம் எனக்குப் புதிது. ஆனால் சோறு சோறுதான். வேற்றுச் சாதியாரைச் சமையலறைக்குள் விடாத வழக்கமும், எச்சிலைப் பற்றிய கண்டிப்பும் இன்னும் பல வீடுகளில் தொடரும் ஒரு நாட்டில், யார் எவரென்று தெரியாத ஒருத்திக்கு அவள் தட்டை நீட்டியது சிறிய செயல் அல்ல.

சனிக்கிழமை இங்கே வார விடுமுறை. ஆகவே ஆராதனையும் சனிக்கிழமைதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாகத் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் "ஜெய் மசீ" (கிறிஸ்துவுக்கு வெற்றி) என்று கைகூப்பி வாழ்த்துகிறார்கள். மாதல் என்னும் மத்தளத்தின் தாளத்தோடு பஜனைப் பாடல்கள். நம் கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்தவர்களுக்கு அந்த மெட்டுகள் உடனே நெருக்கமாகிவிடும். போதகர் நேபாளி, பிரசங்கம் நேபாளி, காணிக்கைத் தட்டில் விழுவதும் நேபாளி ரூபாய். 1960-களின் தொடக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றதற்காகவும் கொடுத்ததற்காகவும் கிறிஸ்தவர்கள் சிறைவைக்கப்பட்ட ஊர் இது. அந்தச் சிறைவாசத்தை அனுபவித்தவர்கள் நேபாளிகள், வெளிநாட்டவர் அல்லர். 1951-இல் இந்நாட்டுக்குள் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய யாருமே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3,75,699 பேரும், 2021-இல் 5,12,313 பேரும் தங்களைக் கிறிஸ்தவர் என்று பதிந்துகொண்டார்கள். இந்த வளர்ச்சியின் சாட்சி இந்நாட்டு விசுவாசிகளுக்குரியது. அவர்களுடைய வீடுகளிலும் வயல்களிலும் நடந்ததை நான் எடுத்து, என் பெயரில் ஊருக்கு அறிக்கையாக அனுப்புவது நியாயமாகாது.

நாசரேத்துக்காரியான எனக்கு இது மற்றவர்களைவிட நன்றாகப் புரிய வேண்டும். எங்கள் ஊரின் பள்ளியும் மருத்துவமனையும் மிஷனெரிகளின் பெயரைச் சொல்கின்றன. 1876-இல் வந்து 1908-இல் மறையும்வரை அங்கேயே உழைத்த மர்காஷிஸ் ஐயரைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். பெற்றுக்கொண்டவர்களின் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு, கொடுக்க வருகிறவர்களிடம் எது இனிக்கும், எது உறுத்தும் என்பது தெரியும். அதை உலகத்தின் முன் சொன்னவரும் எங்கள் பக்கத்தவரே. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷன் சங்கம் அமைத்து வெளியே ஊழியரை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அது தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பியது. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் நின்று, மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஏற்றுக்கொண்டு, கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தை நினைவூட்டி, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார்.

அந்த வேண்டுகோளை ஞாயிறு பள்ளியில் கேட்டபோது, அது வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சொன்னது என்றே நினைத்திருந்தோம். தான்சேனில் அது என்னைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. நான் இந்தியப் பெண். என் நிறமும் உணவும் நேபாளிகளுக்கு அந்நியமல்ல என்பது உண்மை. ஆனால் இந்தியா பெரிய நாடு, நேபாளம் சிறிய நாடு என்ற எண்ணம் இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் பேச்சில் தானாக ஏறிவிடுகிறது. 2015-இல் இந்திய எல்லையில் சரக்கு வண்டிகள் உள்ளே வராமல் நின்று, எரிவாயுவும் மருந்தும் இல்லாமல் தவித்த மாதங்களை இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். வேலூரில் இப்படிச் செய்வோம் என்று நான் வாயைத் திறக்கும் முன், இங்கே இருப்பவர்கள் எழுபது ஆண்டு அனுபவத்தில் என்ன கற்றிருக்கிறார்கள் என்று கேட்பது நட்பின் முதல் படி. வார்டுப் பொறுப்புச் செவிலியர் மகர் இனத்தவர், என்னைவிட வயதில் இளையவர். ஆனால் முதுகெலும்பு முறிந்தவர்களைப் பராமரிப்பதில் என்னைவிட மிகுந்த அனுபவமுள்ளவர். அவரிடம் நான் மாணவியாக இருக்கிறேன். இதில் எனக்குத் தாழ்வு எதுவும் இல்லை.

ஆகவே, எனக்காக ஜெபிக்கிற சபையாருக்கு என் பதில் இது. எண்ணிக்கை எதுவும் என்னிடமிருந்து வராது; வந்தால் அதைச் சந்தேகியுங்கள். மருத்துவமனையில் ஏழை நோயாளிகளின் கட்டணத்தைக் குறைக்க ஓர் உதவி நிதி இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்காக எருமையை விற்கும் நிலைக்கு வந்த குடும்பங்களைச் சமூகப் பணியாளர்கள் விசாரித்து அதிலிருந்து உதவுகிறார்கள். அடுத்த அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்க முடியுமா என்று சேகர குருவானவரிடம் கேட்டிருக்கிறேன். கத்தாரிலும் மலேசியாவிலும் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்போது, அவர்கள் பக்கத்துக் கட்டிலில் படுத்துறங்கும் நேபாளி வாலிபர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய தாய்மார் இங்கே எங்கள் வார்டில் இருக்கிறார்கள்.

செவிலியர் பயிற்சி முடித்த சில இளம்பெண்கள், தாங்களும் வரலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். தாராளமாக வரலாம். கோடை விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதால் மருத்துவமனைக்குப் பெரிய பயன் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கும் மனத்தோடு வாருங்கள். பட்டயச் சான்றிதழ், மாநிலச் செவிலியர் மன்றப் பதிவு, பணி அனுபவச் சான்று ஆகியவற்றை ஊரிலேயே முறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கு வந்தபின் அவற்றை வரவழைப்பது கடினம். தேவநாகரி எழுத்தை முன்கூட்டியே படித்துவிடுங்கள். கம்பளி உடைகளை இங்கேயே மலிவாக வாங்கலாம். என்னுடைய பதிவுக்கான தாள்கள் காத்மாண்டுக்குப் போயிருக்கின்றன. அவை ஒப்புதலோடு திரும்பியதும் இதே எலும்பு முறிவு வார்டில் இரவுப் பணியை ஏற்பேன். அதுவரை காலையில் மொழி வகுப்பும் பிற்பகலில் வார்டும் தொடரும்.